ரெக்கார்டிங் ஓடினால் மட்டும் படம் உடைகிறது: பூஸ்டர் வேண்டுமா, டிரைவர் கோளாறா?

வரவேற்பறை:
வணக்கம். டிவி பெட்டிக்குப் பக்கத்தில் சின்ன கம்ப்யூட்டர் ஒன்று வைத்திருக்கிறேன். லினக்ஸ், ஒளிபரப்பைப் பிடித்துப் பதிவு செய்ய டிவிஹெட்எண்ட் மென்பொருள், பார்ப்பதற்கு கோடி (Kodi) மென்பொருள். யூஎஸ்பி டியூனர் ஒன்று, பதிவு செய்ய யூஎஸ்பி 3.0 ஹார்ட் டிஸ்க் ஒன்று. டிவிபி-டி எனும் தரைவழி டிஜிட்டல் ஒளிபரப்பு, கூரை ஆன்டெனா.

சும்மா பார்த்துக்கொண்டிருந்தால் பெரும்பாலும் தொல்லை இல்லை. ரெக்கார்டிங் ஆரம்பித்ததும் படம் கட்டம் கட்டமாக உடைகிறது, குரல் விட்டுவிட்டுக் கேட்கிறது. எல்லாச் சேனலும் அப்படி இல்லை. 690 மெகாஹெர்ட்ஸ் மக்ஸில் (ஒரே அலைவரிசையில் சேர்ந்து வரும் சேனல் கட்டில்) இருப்பவைதான் மோசம், 514-ல் இருப்பவை கிட்டத்தட்ட சுத்தம். அதே கேபிளைக் கழற்றி டிவியில் செருகினால் எல்லாமே பளிச்சென்று வருகிறது. சிக்னல் அளவு 92 சதவீதம் காட்டுகிறது. எங்கிருந்து தேடத் தொடங்குவது?

கூரைக்கம்பம்:
தம்பி, மேல் அலைவரிசை அடிபடுது, கீழ் அலைவரிசை தப்பிக்குது. இது கேபிள்ல சிக்னல் கரையறதுக்கான அடையாளம். நல்ல ஆர்ஜி-6 கேபிள்லயே 700 மெகாஹெர்ட்ஸ் பக்கம் 30 மீட்டருக்கு 5 டெசிபலுக்கு மேல போயிடும். நடுவுல சிக்னலைப் பிரிக்கிற ஸ்பிளிட்டர் இருந்தா அது தனியா தின்னும். கம்பத்துலயே, ஆன்டெனாவுக்குக் கீழே சிக்னலைப் பெருக்குற ஒரு பூஸ்டர் மாட்டுங்க. டிவியோட டியூனர் கொஞ்சம் குறைஞ்ச சிக்னலையும் தாங்கிக்கும், யூஎஸ்பி குச்சி தாங்காது.

கர்னல்வாசி:
ரெக்கார்டிங் ஓடும்போது மட்டும்னு தெளிவா எழுதியிருக்கார். கூரையில இருக்கிற ஆன்டெனாவுக்கு கீழே ரெக்கார்டிங் ஓடுதுன்னு எப்படித் தெரியும்?

ப்ரோ, டியூனரும் டிஸ்க்கும் ஒரே யூஎஸ்பி கன்ட்ரோலர்ல இருக்கா பாருங்க. டிஸ்க் தூங்கி எழுற நேரத்துல எழுத்து தேங்கும், தரவு காத்திருக்கிற பஃபர் நிரம்பும், பாக்கெட் விழும். சும்மா இருக்கிற கருவியைத் தூங்க வைக்கிற யூஎஸ்பி ஆட்டோசஸ்பெண்டை நிறுத்துங்க. லினக்ஸோட செய்திப் பதிவான டிஎம்எஸ்ஜில டியூனர் பேர்ல பிழை ஏதாவது வருதா, ஃபர்ம்வேர் (டியூனருக்குள்ள ஓடுற மென்பொருள்) ஒழுங்கா ஏறுதான்னு பாருங்க. 690-ல எச்டி சேனல்கள் இருக்கும், பிட்ரேட் அதிகம். அதனாலதான் அது மட்டும் அடி வாங்குது.

டெசிபல்:
இரண்டு பேருமே எண்ணைப் பார்க்காமல் மருந்து எழுதுகிறீர்கள்.

பிட்ரேட் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். 8 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள டிவிபி-டி மக்ஸ் முழுவதையும் அப்படியே எழுதினாலும் வினாடிக்கு அதிகபட்சம் 31.67 மெகாபிட்தான். அதாவது சுமார் 4 மெகாபைட். எந்தப் பழைய டிஸ்க்கும் அதை அசராமல் எழுதும்.

அடுத்தது அந்த 92 சதவீதம். பெரும்பாலான டியூனர்களில் 'வலிமை' என்பது உள்ளே வரும் மொத்தச் சக்தியைத் தோராயமாகச் சொல்லும் எண். இரைச்சலும் அதில் சேர்த்தி. படம் வருமா வராதா என்பதைத் தீர்மானிப்பது சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள இடைவெளி, எஸ்என்ஆர். 64-குவாம் என்ற பண்பேற்ற முறையில், 2/3 பிழைதிருத்த விகிதத்தில் ஒளிபரப்பானால் 17, 18 டெசிபல் பக்கம் விளிம்பு இருக்கிறது. அதற்கு மேலே இருக்கும்வரை படத்தில் ஒரு குறையும் தெரியாது. ஒன்றிரண்டு டெசிபல் கீழே இறங்கினால் எல்லாம் சிதறிவிடும். டிவியில் சுத்தமாக வருகிறது என்பதால் கேபிளில் தாராளமாக சிக்னல் இருக்கிறது என்று ஆகிவிடாது. டிவி அந்த விளிம்புக்கு ஒரு டெசிபல் மேலே நின்றுகொண்டிருக்கலாம்.

மூன்றாவது சந்தேகம் ஒன்று உண்டு, அதை இருவரும் சொல்லவில்லை. யூஎஸ்பி 3.0 டிஸ்க் வேலை செய்யும்போது அதன் கேபிளும் சாக்கெட்டும் ரேடியோ இரைச்சல் கக்கும். இன்டெல் 2012-ல் இதைப் பற்றி ஒரு வெள்ளை அறிக்கையே வெளியிட்டது.

கர்னல்வாசி:
அந்த அறிக்கை 2.4 கிகாஹெர்ட்ஸ் வயர்லெஸ் மவுஸ், கீபோர்டு பத்தினது. டிவி அலைவரிசை அதுல இல்லை.

டெசிபல்:
அறிக்கை எடுத்துக்கொண்ட பாதிப்பு 2.4 கிகாஹெர்ட்ஸ் கருவிகளுக்கு, உண்மைதான். காரணம் என்ன சொல்கிறது என்று பாருங்கள். வினாடிக்கு 5 கிகாபிட் வேகத்தில் கலைத்துப் போட்டு அனுப்பப்படும் தரவு, அதனால் அதன் ஆற்றல் ஒரே இடத்தில் நிற்காமல் அகலமாகப் பரவுகிறது. 514, 690 இரண்டும் இருக்கும் யூஹெச்எஃப் டிவி பட்டையும் அந்தப் பரப்புக்குள்தான் கிடக்கிறது. டியூனர் குச்சியை டிஸ்க் சாக்கெட்டுக்குப் பக்கத்துச் சாக்கெட்டில் செருகியிருந்தால் இடைவெளி விரல் அகலம்தான்.

கர்னல்வாசி:
சரி, பரவுதுன்னே வச்சுக்குவோம். ரெக்கார்டிங் ஆரம்பிச்சா டிஸ்க் ஓடுது. டிஸ்க் ஓடினா உங்க இரைச்சலும் வரும், என் பஃபர் நெரிசலும் வரும். டிஸ்க்கை யூஎஸ்பி 2.0 சாக்கெட்டுக்கு மாத்திச் சரியானாலும் பேச்சு தீராது. கன்ட்ரோலர் வழியும் கூடவே மாறியிருக்கலாமே?

டெசிபல்:
நியாயமான கேள்வி. இதைப் பிரித்துக் காட்ட ஒரே ஒரு வழிதான் எனக்கு நம்பிக்கையானது.

ஒளிபரப்பு 188 பைட் பாக்கெட்டுகளாக வருகிறது. ஒவ்வொரு பாக்கெட்டின் தலைப்பிலும் ஒரு பிழைக்கொடி இருக்கும். வந்த தரவைத் திருத்த முடியாமல் போனால் டியூனரில் சிக்னலைத் தரவாக மாற்றும் டிமாடுலேட்டர் அந்தக் கொடியை உயர்த்தி அனுப்பும். அதே தலைப்பில் 0 முதல் 15 வரை சுழலும் வரிசை எண்ணும் உண்டு. வழியில் பாக்கெட் காணாமல் போனால் அந்த எண் தாவும்.

கர்னல்வாசி சொல்வதுபோல் யூஎஸ்பி வழியில் பாக்கெட் விழுந்தால், விழுந்தது டியூனரை விட்டுக் கிளம்பிய பிறகு. வரிசை எண் தாவும், ஆனால் பிழைக்கொடி உயராது, எஸ்என்ஆரும் அசையாது. காற்றிலோ கேபிளிலோ இரைச்சல் என்றால் எஸ்என்ஆர் இறங்கும், திருத்த முடியாத பிளாக்குகள் ஏறும், பிழைக்கொடி எண்ணிக்கையும் ஏறும்.

டிவிஹெட்எண்டில் நிலைப் பக்கம், ஸ்ட்ரீம் பகுதிக்குப் போங்கள். எஸ்என்ஆர், திருத்த முடியாத பிளாக், டிரான்ஸ்போர்ட் பிழை (பிழைக்கொடி எண்ணிக்கை), கன்டினியூட்டி பிழை (வரிசை எண் தாவல்) எல்லாம் ஒரே வரிசையில் நிற்கும். ரெக்கார்டிங் தொடங்கும் முன்பும் பின்பும் அவற்றை எழுதி வையுங்கள். பிறகு ரெக்கார்டிங் இல்லாமல் ஒரு பெரிய கோப்பை டிஸ்க்குக்கு நகலெடுத்துக்கொண்டே 690-ஐப் பாருங்கள்.

திரைச்சீலை:
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். தரவைப் படமாக விரிக்கும் டீகோடரின் கோளாறையும் பார்த்துவிடுங்கள். ஹார்டுவேர் டீகோடிங் தகராறு செய்தாலும் கட்டம் கட்டமாகத்தான் வரும். உடைந்த பதிவை இரண்டு முறை ஓட்டுங்கள், வேறு கணினியிலும் ஓட்டுங்கள். எல்லாவற்றிலும் ஒரே இடத்தில் உடைந்தால் கோப்பே பழுது, டீகோடரை மறந்துவிடலாம்.

வரவேற்பறை:
செய்து பார்த்தேன். பதிவுகள் மடிக்கணினியிலும் அதே இடங்களில் உடைகின்றன.

690-ல் ரெக்கார்டிங் இல்லாதபோது எஸ்என்ஆர் 21 டெசிபல், திருத்த முடியாத பிளாக் பூஜ்யம். ரெக்கார்டிங் தொடங்கியதும் எஸ்என்ஆர் 17-க்கும் 18-க்கும் இடையே ஆடுகிறது, பிளாக், டிரான்ஸ்போர்ட் பிழை, கன்டினியூட்டி பிழை மூன்றும் சேர்ந்து ஏறுகின்றன. 514-ல் 26 இருந்தது 23 ஆகிறது, பிழை இல்லை. ரெக்கார்டிங் இல்லாமல் கோப்பு நகலெடுத்தாலும் இதே கதை. கம்ப்யூட்டரின் உள் டிஸ்க்கில் பதிவு செய்தால் 21 அப்படியே நிற்கிறது. டிஎம்எஸ்ஜியில் டியூனர் பற்றிப் பிழை எதுவும் இல்லை.

டெசிபல்:
எஸ்என்ஆர் இறங்குகிறது, பிழைக்கொடி ஏறுகிறது. டியூனரை விட்டுக் கிளம்பும் முன்பே கெட்டுப்போகிறது. 690 மட்டும் உடைவதற்குக் காரணம், அதற்கு முதலிலேயே கையிருப்பு குறைவு. இரைச்சல் இரண்டு மக்ஸிலும் மூன்று, நான்கு டெசிபல் பிடுங்குகிறது. 26-லிருந்து பிடுங்கினால் தாங்கும், 21-லிருந்து பிடுங்கினால் தாங்காது.

ஒன்றரை மீட்டர் யூஎஸ்பி 2.0 நீட்டிப்பு கேபிள் போட்டு டியூனரை டிஸ்க்கிலிருந்து தள்ளி வையுங்கள். ஆன்டெனா கேபிளும் டிஸ்க் கேபிளும் உரசிக்கொண்டு போகக்கூடாது.

கர்னல்வாசி:
கொடி ஏறுதுன்னா இந்தக் கோளாறு மென்பொருள்ல இல்லை, ஒத்துக்கறேன். ஆட்டோசஸ்பெண்டை எப்படியும் நிறுத்தி வைங்க. ராத்திரி தானா தொடங்குற ரெக்கார்டிங்ல டியூனர் எழாம போனா இந்த எண் எதுவும் எச்சரிக்காது.

கூரைக்கம்பம்:
இப்ப நான் சொன்னதுக்கு வாங்க. இரைச்சல் கீழே, டியூனர்கிட்ட சேருது. அப்போ மேல இருந்து சிக்னல் பலமா வந்தா அந்த இரைச்சலுக்கு மேல நிக்கும். பூஸ்டர் வேண்டாம்னு எதை வச்சுச் சொல்றீங்க?

டெசிபல்:
கீழே சேரும் இரைச்சலுக்கு மேலிருந்து பலப்படுத்துவது உதவும், அதை மறுக்கவில்லை. டியூனர் ஏற்கெனவே நிரம்பி வழிந்துகொண்டிருந்தால் பூஸ்டர் இன்னும் கெடுக்கும், அதைத்தான் முதலில் பார்க்கச் சொல்கிறேன். சோதனை எளிது. டியூனருக்கு முன்னால், சிக்னலைக் குறைக்கும் 6 டெசிபல் அட்டனுவேட்டர் ஒன்றை மாட்டுங்கள். எஸ்என்ஆர் உயர்ந்தால் டியூனர் அதிக சிக்னலில் திணறுகிறது. மாறாமல் இருந்தால் இரைச்சல் ஆன்டெனாவிலிருந்தே சேர்ந்து வருகிறது, கீழே எதைச் செய்தும் பயனில்லை. ஐந்து, ஆறு டெசிபல் விழுந்தால் டியூனருக்குச் சிக்னல் போதவில்லை.

வரவேற்பறை:
நீட்டிப்பு கேபிள் போட்டதும் ரெக்கார்டிங் ஓடும்போதும் 690-ல் 20, 21 நிற்கிறது. படம் உடையவில்லை. அட்டனுவேட்டர் மாட்டினால் 16-க்கு இறங்குகிறது.

கூரைக்கம்பம்:
பாருங்க. சிக்னல் பத்தலை. நான் முதல்லயே சொன்னேன்.

டெசிபல்:
பத்தவில்லை, சரி. ஆனால் எங்கே தொலைகிறது? வரவேற்பறை, ஸ்பிளிட்டர் எத்தனை வழி? டியூனருக்குக் கடைசியாகப் போகும் குட்டிக் கேபிள் எது?

வரவேற்பறை:
ஸ்பிளிட்டர் நான்கு வழி. இரண்டில்தான் கேபிள் இருக்கிறது. குட்டிக் கேபிள் டியூனர் பெட்டியிலேயே வந்தது, மெல்லியது. ஸ்பிளிட்டரில் ஏறும் எஃப் கனெக்டர் ஒன்றைக் கழற்றிப் பார்த்தேன். வெளி வலைக்கம்பியின் ஒரு இழை மடங்கி நடுக்கம்பிக்கு மிக அருகில் கிடந்தது.

கூரைக்கம்பம்:
அந்த இழையை இப்பவே வெட்டுங்க தம்பி. அது நடுக்கம்பியைத் தொட்டா பாதி சேனல் காணாம போகும். கனெக்டரைப் புதுசா போட்டுடுங்க. நாலு வழி ஸ்பிளிட்டர் ஏழு, எட்டு டெசிபல் தின்னும், ரெண்டு வழி நாலுக்குள்ள நிக்கும். அதை மாத்தினாலே நாலு டெசிபல் கிட்ட திரும்ப வரும்.

டெசிபல்:
இதில் நமக்குள் சண்டையே இல்லை. குட்டிக் கேபிளையும் மாற்றுங்கள். வலைப்பின்னல் மெலிந்த கேபிள் இரைச்சலை உள்ளே விடும், டிஸ்க்குக்குப் பக்கத்தில் போவதும் அதுதான்.

வரவேற்பறை:
கனெக்டர், ஸ்பிளிட்டர், குட்டிக் கேபிள் மூன்றையும் மாற்றினேன். 690-ல் ரெக்கார்டிங் ஓடும்போது 24. பிளாக் எண்ணிக்கை பூஜ்யத்திலேயே நிற்கிறது. பூஸ்டர் இன்னும் தேவையா?

கூரைக்கம்பம்:
நான் போடத்தான் சொல்வேன். மழை, காத்து, ஆன்டெனா கொஞ்சம் திரும்பறது, எல்லாத்துக்கும் சேர்த்து ஆறு டெசிபல் கையிருப்பு எனக்குப் போதாது.

டெசிபல்:
எனக்குப் போதும். எண்ணை அவ்வப்போது பார்த்துக்கொண்டிருங்கள், 20-க்குக் கீழே போனால் பூஸ்டரைப் பற்றிப் பேசலாம். அப்படிப் போட்டால் அதற்கு முன்னால், மொபைல் சிக்னலைத் தடுக்கும் எல்டிஇ வடிகட்டி கட்டாயம் வேண்டும். உங்கள் 690 மக்ஸ் 694-ல் முடிகிறது. 700 பட்டை மொபைலுக்குக் கொடுக்கப்பட்ட இடங்களில் போன்கள் 703-லிருந்தே அனுப்பத் தொடங்கும். வடிகட்டி இல்லாத பூஸ்டர் அதையும் சேர்த்துப் பெருக்கி உங்கள் டியூனர் வாசலில் கொட்டும்.

கூரைக்கம்பம்:
வடிகட்டி விஷயத்தில் அவர் சொல்றது சரி. பூஸ்டருக்குப் பின்னால இல்லை, முன்னாலதான் வரணும்.