க்ளாம்பைக் கழட்டினதும் அலுமினிய பிளேட் மூலை தூக்குது

விஎம்சி_கோவை:
6061-டி6 (ஒரு அலுமினிய ரகம்) பிளேட், 300 × 200 × 12 மி.மீ. நடுவுல 5 மி.மீ. ஆழத்துக்கு பாக்கெட் (குழி). அடியில 50 மி.மீ. இடைவெளில எம்12 மரை ஓட்டை போட்ட ஃபிக்ஸ்சர் பிளேட் (ஜாபைப் பிடிக்கிற அடித்தட்டு). ஓரமா ஆறு ரெஸ்ட் பேட் (ஜாப் உக்காருற மேடை), ஆறு ஸ்ட்ராப் க்ளாம்ப் (மேல இருந்து அமுக்குற பட்டை), போல்ட்டுக்கு 40 நியூட்டன் மீட்டர். மெஷின்ல டயல் கேஜ் 0.02 மி.மீ.-க்குள்ள நிக்குது. கழட்டினா நாலு மூலையும் 0.12 தூக்குது. ஃப்ளாட்னஸ் (தட்டைத்தன்மை) 0.05 வேணும். க்ளாம்ப் இன்னும் சேர்க்கணுமா?

ஜிக்_ஃபிக்ஸ்சர்:
சேர்க்காதீங்க சார், பிடி ஏற்கெனவே ஜாஸ்தி. எம்12-ல 40 போட்டா ஒரு போல்ட்டு சுமார் 16 கிலோ நியூட்டன் இழுக்கும். வளைஞ்ச பிளேட்டை அது தட்டையா அமுக்கிடும், நீங்க அந்த நிலையில ஓட்டுறீங்க. கழட்டினதும் பழைய வளைவு திரும்பிடும். டயல் மெஷின்ல சரியா காட்டுறதும் அதனாலதான்.

க்ளாம்ப் போடுறதுக்கு முன்னாடி ஒவ்வொரு பேட்லயும் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்குற மெல்லிய தகடு) விட்டுப் பாருங்க. 0.05 நுழைஞ்சா அங்க ஷிம் (இடைவெளியை நிரப்புற மெல்லிய தகடு) வைங்க. அப்புறம் க்ளாம்ப் பக்கத்துல டயலை வச்சு முறுக்குங்க. முள்ளு 0.02-க்கு மேல நகர்ந்தா கீழ இன்னும் இடைவெளி இருக்குன்னு அர்த்தம்.

க்ளாம்ப் மூக்கு நேரா பேட்டுக்கு மேல விழணும், இது ரொம்ப முக்கியம். ரெண்டு பேட்டுக்கு நடுவுல விழுந்தா எவ்வளவு மெதுவா முறுக்கினாலும் வளையும். போல்ட்டு ஜாபுக்குக் கிட்ட இருக்கட்டும்: சரி நடுவுல இருந்தா பாதி விசை ஸ்டெப் பிளாக்குக்கே (க்ளாம்போட பின்முனையைத் தாங்குற கட்டை) போயிடும். ஜாப்ல இருந்து மூணுல ஒரு பங்கு தூரத்துக்குக் கொண்டுவந்தா ஜாபுக்கு மூணுல ரெண்டு பங்கு கிடைக்கும். பின்பக்கம் 1 மி.மீ. உயரமா இருக்கட்டும். தாழ்ந்தா மூக்கு உக்காராது, ஜாப் விளிம்புதான் நசுங்கும்.

பழைய_மில்லர்:
மெட்டீரியலையும் பாருங்க. ஒரு பக்கம் மட்டும் தோலை எடுத்தா உள் அழுத்தம் சமன் கெட்டு தானாவே வளையும், க்ளாம்பு என்ன பண்ணும்? இழுத்து அழுத்தம் போக்கின டி651 கேட்டு வாங்குங்க. பாக்கெட்டை 0.3 மி.மீ. மிச்சம் விட்டு ரஃப் (முதல் வெட்டு) பண்ணி, எல்லா க்ளாம்பையும் தளர்த்தி, பிளேட் தன் இஷ்டத்துக்கு எழும்பட்டும். மறுபடி ஷிம் பார்த்து 12 நியூட்டன் மீட்டர்ல பிடிச்சு ஃபினிஷ் போடுங்க. கட் லேசா இருக்கறதால அந்தப் பிடி போதும்.

விஎம்சி_கோவை:
தளர்த்தினா ஜீரோ (அளவு தொடங்குற புள்ளி) போயிடாதா?

ஜிக்_ஃபிக்ஸ்சர்:
பிளேட்ல ரெண்டு ரீம் ஓட்டை (துல்லிய அளவு ஓட்டை) போட முடிஞ்சா போகாது. ஒண்ணுல உருண்டை பின், இன்னொண்ணுல டைமண்ட் பின் (பக்கங்களைச் சீவின பின்). டைமண்டோட சீவின பக்கங்கள் ரெண்டு பின்னையும் சேர்க்கிற கோட்டுத் திசையைப் பார்த்து இருக்கணும். திருப்பிப் போட்டா ஓட்டை இடைவெளில சின்ன வித்தியாசம் இருந்தாலும் ஜாப் மாட்டாது, இல்ல இறுகிக்கும். ஓட்டை கூடாதுன்னா நீளப் பக்கத்துக்கு ரெண்டு, அகலப் பக்கத்துக்கு ஒண்ணு டோவல் (நிலைநிறுத்துற உருண்டை பின்) வச்சு அதுல ஒட்டித் தள்ளிப் பிடிங்க. டோவல் அடியில பொடி தங்காம இருக்க கீழ சின்ன பள்ளம் எடுத்துடுங்க. மறுபடி இறுக்குறதுக்கு முன்னாடி பேட் எல்லாத்தையும் துடைங்க. ஒரு சில்லு மாட்டினாலே 0.1 போயிடும்.