காரைக்குடி இறையியல் வகுப்பு: புதுப்பிப்பு

கிறிஸ்தவ குருமார் படிக்கும் செமினரிக்குப் போகாமல், வேலையும் குடும்பமும் பார்த்துக்கொண்டே இறையியல் படிக்க வழி உண்டா என்று முன்பு கேட்டிருந்தேன். உண்டு. காரைக்குடியில் ஒரு வீட்டு முகப்பில் ஆரம்பித்துவிட்டோம்.

இங்கே பலரும் சொன்ன டி.இ.இ. (Theological Education by Extension) முறைதான்; அதாவது, இருந்த இடத்திலிருந்தே இறையியல் படிப்பது. 1963இல் குவாத்தமாலாவில் தொடங்கியது. இந்தியாவில் இதற்கென்றே பெங்களூரில் 1971இல் டாஃப்டீ (TAFTEE) என்ற அமைப்பு வந்தது. பாடத்தை அவரவர் வீட்டில் படித்து எழுதிவிட்டு, வாரம் ஒருமுறை கூடிப் பேச வேண்டும். நடத்துபவர் பிரசங்கம் செய்யக் கூடாது; கேள்வி கேட்டு மற்றவர்களைப் பேச வைக்க வேண்டும். இதுதான் கஷ்டம்! எங்கள் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஐயா வாயைத் திறந்தால் அரை மணி நேரம். கண்டனூரிலிருந்து வரும் அக்காதான், "ஐயா, நாங்களும் படிச்சுட்டுத்தான் வந்திருக்கோம்" என்றார். அப்புறம்தான் வகுப்பு சூடுபிடித்தது.

திருச்சபை வரலாற்றை ஓரியூரிலிருந்து தொடங்கலாம் என்பது என் யோசனை. 1693இல் அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ என்ற இயேசு சபைக் குரு) கொல்லப்பட்ட மண் இவ்வளவு பக்கத்தில் இருக்க, ரோமாபுரியிலிருந்தே ஆரம்பிப்பானேன்? பாதிப் பேர் ஒத்துக்கொள்ளவில்லை.

கத்தோலிக்கர் சேரலாமா என்று கேட்டவருக்கு: தாராளமாக, இப்போதே வருகிறார்கள். நாள் மாற்றச் சொன்னவர்களுக்கு: முடியாது, ஞாயிறு மாலைதான். கடை வைத்திருப்பவர்களுக்கு அன்றுதான் ஓய்வு.