புதுப்பிப்பு: கண்டிகோட்டா போய் வந்துவிட்டோம்

சென்னையிலிருந்து காரில் ஆந்திராவில் உள்ள கண்டிகோட்டா கோட்டைக்குப் போக எந்த வழி நல்லது, முட்டிவலி உள்ள அம்மாவால் பெண்ணாற்றுப் பள்ளத்தாக்கின் விளிம்பு வரை நடக்க முடியுமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

ரேணிகுண்டா, ராஜம்பேட்டை, கடப்பா, முத்தனூர், ஜம்மலமடுகு என்று போனோம். ஜம்மலமடுகிலிருந்து கோட்டை சுமார் 15 கிலோமீட்டர்தான். ரயிலில் வருபவர்கள் முத்தனூரில் இறங்கலாம்.

கோட்டைக்குள் மசூதி, தானியக் கிடங்கு வரை அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு நிதானமாக வந்துவிட்டார். அதற்கப்புறம்தான் சிரமம். விளிம்பை நெருங்க நெருங்கப் பாதை என்று ஒன்றும் இல்லை, பாறைக்குப் பாறை கால் மாற்றி ஏற வேண்டும். தட்டையாகத் தெரிந்த ஒரு கல் நான் மிதித்ததும் லேசாக ஆடியது. அதோடு அம்மாவை மசூதிப் பக்கமே நிழலில் உட்காரவைத்துவிட்டு, தம்பியும் நானும் மட்டும் போனோம்.

நாங்கள் நின்ற இடத்தில் தடுப்பு எதுவும் இல்லை. உட்கார்ந்துதான் எட்டிப் பார்த்தேன். செங்கல் அடுக்கியது போல வரிவரியாகச் சிவந்த பாறை, அடியில் பச்சையாக ஆறு. தெலுங்கில் 'கண்டி' என்றால் மலையிடுக்கு என்று படித்தது அப்போதுதான் உறைத்தது.

குழந்தைகளோடு போகிறவர்கள் அவர்கள் கையை விடவே விடாதீர்கள். செருப்பு வேண்டாம், பிடிப்புள்ள ஷூ போடுங்கள். இருட்டுவதற்குள் திரும்பிவிடுங்கள்.