பொருள்: ஹிஸ்டோகிராம்: செவ்வகமா, மேடா, வரையமா?

வணக்கம்.

ஹிஸ்டோகிராமுக்கு (எந்த மதிப்பு எத்தனை தடவை வந்தது என்று பட்டைகளாகக் காட்டும் படம்) தமிழ்நாட்டுப் பாடநூலில் 'நிகழ்வுச் செவ்வகம்' இருக்க வேறு சொல் எதற்கு என்று போன மடலில் ஒருவர் கேட்டிருந்தார். பள்ளிக் கணக்குக்கு அது போதும்தான். ஐந்தாறு செவ்வகம் வரைவோம், ஒட்டி ஒட்டி நிற்கும், சரி. மின்சமிக்ஞையைத் திரையில் வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப் முன்னால் உட்கார்ந்தால்தான் சிக்கல்.

சென்ற மாதம் ஒரு சர்க்யூட் போர்டில் துடிப்பின் அகலத்தை அளந்துகொண்டிருந்தேன். சராசரி 100.0 நானோ செகண்ட், திட்ட விலக்கம் 0.4 என்று திரையில் வந்தது. குறித்துக்கொண்டு எழுந்திருப்பேன், ஏதோ தோன்றி ஹிஸ்டோகிராமைப் போட்டேன். 99.6-இல் ஒரு திமில், 100.4-இல் இன்னொன்று. சராசரி நிற்கும் அந்த 100.0-இல் ஒரு அளவீடுகூட விழவில்லை! போர்டுக்கு மின்சாரம் தந்த எஸ்.எம்.பி.எஸ் என்ற ஸ்விட்சிங் மின்வழங்கியைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டியதும் ஒரே திமிலாகிவிட்டது.

இதில் செவ்வகம் எங்கே? நூற்றுக்கணக்கான கோடுகள் நெருங்கி நின்று மேடாகத்தான் தெரிந்தது. 'இரண்டு நிகழ்வுச் செவ்வகம்' என்றால் இரண்டு படமா, ஒரே படத்தில் இரண்டு பட்டையா என்ற குழப்பம் வேறு. என் முன்மொழிவு 'நிகழ்மேடு'. அதிகம் வரும் மதிப்பை ஏற்கெனவே முகடு என்கிறோம். முகடு இருந்தால் அதற்கு ஒரு மேடு வேண்டாமா?

('நிகழ்வடுக்கு' என்றும் யோசித்தேன். அடுக்கு என்றால் அடுக்குக்குறி என்று கணக்காசிரியர்கள் சண்டைக்கு வருவார்கள். விட்டுவிட்டேன்.)

---

> முகடு இருந்தால் அதற்கு ஒரு மேடு வேண்டாமா?

சைன் அலையின் மதிப்புகளைச் சம நேர இடைவெளியில் எடுத்து ஹிஸ்டோகிராமாக வரைந்து பாருங்கள் ஐயா. அலை உச்சியிலும் அடியிலும் மெதுவாகத் திரும்புகிறது, பூச்சியத்தை விரைந்து கடக்கிறது. ஆகவே இரண்டு ஓரமும் உயர்ந்து நடுப்பகுதி பள்ளமாகக் கிடக்கும். அதற்கு நிகழ்பள்ளம் என்று பெயர் வைப்பதா?

இலங்கையில் நாங்கள் 'வலையுரு வரையம்' என்று படிப்பிக்கிறோம். வலை எங்கிருந்து வந்தது என்று மாணவர்கள் கேட்டால் திண்டாட்டம்தான், ஆனால் 'வரையம்' எந்த வடிவத்துக்கும் பொருந்தும். தமிழ்நாட்டில் உங்களிடம் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு: எத்தனை தடவை வந்தது என்பது நிகழ்வெண், நொடிக்கு எத்தனை அதிர்வு என்பது அதிர்வெண். எங்களுக்கு இரண்டும் மீடிறன். சமிக்ஞை வகுப்பில் இந்த வரையத்தை விளக்கும்போது 'எந்த மீடிறன்?' என்ற கேள்வி தப்பாமல் வரும்.

---

சைன் அலை சரியான அடி. மேட்டை விட்டுவிடுகிறேன். உங்கள் வரையம், எங்கள் நிகழ்வெண்: 'நிகழ்வெண் வரையம்'. புள்ளியியலாளர் கார்ல் பியர்சன் 1895-இல் அச்சேற்றிய 'ஹிஸ்டோகிராம்' என்ற சொல்லைவிட இது பிள்ளைகளுக்கு எளிதில் புரியும்.

ஆனால் ஒவ்வொரு பட்டையும் அடக்கும் மதிப்பு இடைவெளியை ஆங்கிலத்தில் 'பின்' (bin) என்கிறார்களே, அதற்கு 'அறை' என்பதை மட்டும் விடமாட்டேன். அஞ்சறைப்பெட்டிதான் காரணம். கடுகையும் வெந்தயத்தையும் ஒரே அறையில் கொட்டினால் எது எவ்வளவு என்று யாருக்குத் தெரியும்? அறையின் அகலத்தை 2 நானோ செகண்ட் வைத்தபோது என் இரண்டு திமிலும் ஒரே அறைக்குள் போய்விட்டன. பேட்டரியில் எடுத்த படமும் அதுவும் அசல் ஒன்றுபோல் இருந்தன. 0.001-க்குக் குறைத்தால் அறைக்கு ஒன்றிரண்டு விழுந்து புல் முளைத்த மாதிரி ஆனது. 0.05-இல்தான் பள்ளம் தெளிவாகத் தெரிந்தது.

'அறையகலம்' என்பதில் யாருக்காவது ஆட்சேபம் உண்டா?