உதவி: நிக்ஸ்ஓஎஸ் மேம்படுத்தியபின் போஸ்ட்கிரெஸ் காலியாக இருக்கிறது (அவசரம்)

ஆலைக்காரன் · காலை 9:12
நேற்றிரவு ஆலை சர்வரில் ஓடும் நிக்ஸ்ஓஎஸ்ஸை (லினக்ஸ் இயங்குதளம்) மேம்படுத்தினேன். இன்று காலை போஸ்ட்கிரெஸ் (எடைச்சீட்டுகளை வைத்திருக்கும் தரவுத்தள மென்பொருள்) ஓடுகிறது, பிழைச்செய்தி எதுவும் இல்லை, ஆனால் தரவு முழுவதும் போய்விட்டது. வாசலில் நெல் வண்டிகள் நிற்கின்றன. எப்படி மீட்பது? நான் எதையும் மாற்றவில்லை. தெரிந்தவர்கள் உடனே சொல்லவும்.

குறுமணல் · 9:17
எந்தப் பதிப்பிலிருந்து எந்தப் பதிப்புக்குப் போனீர்கள்? "போய்விட்டது" என்றால் தரவுத்தளமே இல்லையா, அட்டவணைகள் இல்லையா, அட்டவணைகள் இருந்து உள்ளே ஒன்றும் இல்லையா? கட்டமைப்புக் கோப்பில் போஸ்ட்கிரெஸ் பற்றிய பகுதியை இங்கே போடுங்கள்.

வடக்குவாசல் · 9:20
ஃபயர்வாலாக இருக்கும். நிக்ஸ்ஓஎஸ்ஸில் அது நாம் கேட்காமலே இயங்கும். போஸ்ட்கிரெஸ்ஸின் 5432 போர்ட்டைத் திறந்துவிட்டீர்களா?

குறுமணல் · 9:22
இணைப்பே கிடைக்காதவர் "காலி" என்று எப்படிச் சொல்வார்?

ஈரமண் · 9:26
நான் போன வருடம் இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்ட அதே விஷயம்தான் இது. போஸ்ட்கிரெஸ் 15 முதல் பொது ஸ்கீமாவில் (அட்டவணைகள் இயல்பாகப் போய்ச்சேரும் இடம்) எல்லோரும் அட்டவணை உருவாக்கும் உரிமையை எடுத்துவிட்டார்கள். அதன் பிறகு நிக்ஸ்ஓஎஸ்ஸிலும் உரிமை கொடுக்கும் பழைய "என்ஷ்யூர்பெர்மிஷன்ஸ்" வழியை நீக்கிவிட்டு, தரவுத்தளத்தையே பயனருக்குச் சொந்தமாக்கும் "என்ஷ்யூர்டிபிஓனர்ஷிப்" என்று கொண்டுவந்தார்கள். பயனர் பெயரும் தரவுத்தளத்தின் பெயரும் ஒன்றாக இருந்தால்தான் அது வேலை செய்யும். உங்களுடையது ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். நிச்சயமாக உரிமைச் சிக்கல்தான்.

ஆலைக்காரன் · 9:41
கைப்பேசியில் தட்டுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

சர்வீசஸ்.போஸ்ட்கிரெஸ்க்யூஎல் = {
  எனேபிள் = ட்ரூ;
  என்ஷ்யூர்டேட்டாபேசஸ் = [ "ஆலை" ];
  என்ஷ்யூர்யூசர்ஸ் = [ { நேம் = "ஆலை"; என்ஷ்யூர்டிபிஓனர்ஷிப் = ட்ரூ; } ];
};

இவ்வளவுதான். எடைச்சீட்டு நிரல் திறக்கிறது, புதுச் சீட்டும் அச்சாகிறது. ஆனால் எண் 1 என்று வருகிறது! நேற்று மாலை கடைசிச் சீட்டு 18,642. முதல் விவசாயி சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, இன்றைக்குத்தான் ஆலை திறந்தீர்களா?" என்று கேட்டுவிட்டுப் போகிறார்.

குறுமணல் · 9:44
ஈரமண், உரிமை இல்லையென்றால் அந்த 1ஆம் எண் சீட்டே பதிவாகியிருக்காதே. நிரல் தொடங்கும்போது காலியான தரவுத்தளத்தைப் பார்த்து, அட்டவணைகளைத் தானே புதிதாகப் போட்டுக்கொண்டிருக்கிறது.

ஆலைக்காரன், நீங்கள் போட்ட பகுதியில் "பேக்கேஜ்" வரி இல்லை. அதாவது எந்தப் போஸ்ட்கிரெஸ் என்று நீங்கள் சொல்லவில்லை, இயங்குதளமே தேர்ந்தெடுக்கிறது. எதை வைத்துத் தேர்ந்தெடுக்கிறது என்பதுதான் கேள்வி. கோப்பின் அடியில் "ஸ்டேட்வெர்ஷன்" வரி என்ன சொல்கிறது?

ஆலைக்காரன் · 9:52
24.11. முன்பு 24.05 என்று இருந்தது. சேனலை (நிக்ஸ்ஓஎஸ்ஸின் எந்தப் பதிப்பு வர வேண்டும் என்ற தேர்வு) மாற்றும்போது அதையும் சேர்த்து மாற்றினேன். மேம்படுத்துவது என்றால் அதுதானே?

பழையசோறு · 9:55
ஒன்றையும் மாற்றாதவர் இரண்டு இடத்தில் மாற்றியிருக்கிறார். தம்பி, அந்த வரிக்கு மேலேயே "நிறுவிய பிறகு இதை மாற்றாதீர்கள்" என்று ஒரு பத்தி எழுதி வைத்திருக்கிறார்கள். கையேட்டைத்தான் படிப்பதில்லை, கண்ணெதிரே இருக்கும் குறிப்பையுமா படிக்கக் கூடாது? இந்தக் கேள்விக்கு இதே இடத்தில் எத்தனை முறை பதில் எழுதியிருக்கிறேன் என்று தேடிப் பார்த்திருந்தால் இந்த இழையே தேவைப்பட்டிருக்காது.

குறுமணல் · 10:03
திட்டுவதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். ஆலைக்காரன், பதறாதீர்கள், உங்கள் தரவு பெரும்பாலும் அழியவில்லை.

அந்த வரி இயங்குதளத்தின் பதிப்பைச் சொல்வதில்லை. தரவு எந்தக் காலத்து வழக்கப்படி வைக்கப்பட்டது என்பதைச் சொல்கிறது. 24.05 என்றிருந்தபோது போஸ்ட்கிரெஸ் 15 கிடைத்தது. 24.11 என்றதும் 16 வந்துவிட்டது. ஒரு பெரும்பதிப்பு வட்டில் எழுதிய கோப்புகளை அடுத்த பெரும்பதிப்பு அப்படியே திறக்காது. அதனால் நிக்ஸ்ஓஎஸ் ஒவ்வொன்றுக்கும் தனி அடைவு வைக்கிறது. 16க்கு அடைவு இல்லாததால் புதிதாக ஒன்றை உருவாக்கியது. உங்கள் "என்ஷ்யூர்" வரிகள் உள்ளே அதே பெயரில் ஒரு வெற்றுத் தரவுத்தளத்தை வைத்துவிட்டன. பிழைச்செய்தி வராததற்கு அதுதான் காரணம். அந்த வரிகள் இல்லாதிருந்தால் நிரல் இணைய முடியாமல் அப்போதே கத்தியிருக்கும்.

சூடோ எல்எஸ் /வார்/லிப்/போஸ்ட்கிரெஸ்க்யூஎல்

இதை அடித்து என்ன வருகிறது என்று மட்டும் சொல்லுங்கள். எதையும் அழிக்காதீர்கள்.

வடக்குவாசல் · 10:06
முந்தைய தலைமுறைக்கு (மேம்படுத்துமுன் இருந்த, நிக்ஸ்ஓஎஸ் எடுத்துவைக்கும் பழைய அமைப்பு) திரும்பினால் போதுமே. நிக்ஸ்ஓஎஸ்ஸின் பெருமையே அதுதானே.

பழையசோறு · 10:09
தலைமுறை திரும்பும், தரவு திரும்பாது. எத்தனை முறை சொன்னாலும் ஏறுவதில்லை.

குறுமணல் · 10:11
பொதுவாக அது சரி. இங்கே மட்டும் வடக்குவாசல் சொல்வது பலிக்கும். பழைய தலைமுறை 15ஐ ஓட்டும், 15 தன் அடைவைத் திறக்கும். ஆனால் கட்டமைப்புக் கோப்பு 24.11 என்றே கிடக்கும். அடுத்த முறை ரீபில்ட் (கட்டமைப்புக் கோப்பின்படி அமைப்பை மறுபடி கட்டுவது) செய்ததும் மறுபடி 1ஆம் எண் சீட்டுதான்.

ஆலைக்காரன் · 10:20
15, 16 என்று இரண்டு அடைவுகள் தெரிகின்றன!! ஆனால் பழைய தலைமுறைக்குப் போக முடியவில்லை. நேற்றிரவு வட்டில் இடம் குறைவு என்று வந்ததால், எல்லாம் ஓடுகிறதே என்று நம்பிக் குப்பை அகற்றும் கட்டளையையும் ஓட்டிவிட்டேன். பட்டியலில் இன்றைய தலைமுறை மட்டும்தான் இருக்கிறது. இதையும் சொல்லியிருக்க வேண்டுமோ?

ஈரமண் · 10:22
சொல்லியிருக்க வேண்டும்.

குறுமணல் · 10:31
பரவாயில்லை. அந்தக் கட்டளை நிக்ஸ் கிடங்கில் உள்ள நிரல்களைத்தான் அகற்றும், தரவு இருக்கும் /வார் பக்கம் போகாது. 15இன் நிரல் போயிருந்தால் மறுபடி இறங்கிக்கொள்ளும்.

முதலில் எடைச்சீட்டு நிரலை நிறுத்துங்கள், இனி யாருக்கும் சீட்டு கொடுக்க வேண்டாம். பிறகு இப்போது ஓடும் 16இலிருந்து பிஜி_டம்ப்ஆல் கொண்டு ஒரு நகல் எடுத்துவையுங்கள். காலையில் கொடுத்த சீட்டுகள் அதில்தான் இருக்கின்றன. அதன்பின் ஸ்டேட்வெர்ஷனைப் பழையபடி 24.05 ஆக்கி, போஸ்ட்கிரெஸ் பகுதிக்குள் இந்த வரியைச் சேருங்கள்:

பேக்கேஜ் = பிகேஜிஎஸ்.போஸ்ட்கிரெஸ்க்யூஎல்_15;

ரீபில்ட் செய்தால் 15 எழுந்து தன் அடைவைத் திறக்கும். சேனல் 24.11 ஆகவே இருக்கட்டும், அதில் தவறில்லை. அந்தச் சர்வரில் வேறு சேவைகள் ஓடினால் அவற்றையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். அந்த வரி போஸ்ட்கிரெஸ்ஸை மட்டும் தொடுவதில்லை.

வடக்குவாசல் · 10:38
இதற்குத்தான் டெபியன் லினக்ஸ் போதும் என்கிறேன். புதுப் பதிப்பை நிறுவினால் அது 5433இல் தனியாக எழும், பழையது 5432இல் அப்படியே ஓடும். நாமாக நகர்த்தும்வரை எதுவும் காணாமல் போவதில்லை. "எல்லாவற்றையும் ஒரே கோப்பில் அறிவித்துவிடலாம்" என்பீர்களே, நிக்ஸ்ஓஎஸ்காரர்கள். எடைச்சீட்டை எந்த வரியில் அறிவிப்பது?

பழையசோறு · 10:44
இங்கும் நாமாக நகர்த்தும்வரை எதுவும் நகர்வதில்லை. அவர் நகர்த்தினார், தெரியாமல் நகர்த்தினார். பிறகு ஒன்று: "டிக்ளரேட்டிவ்" என்பதற்கு "அறிவிப்பு" என்று எழுதாதீர்கள். அறிவிப்பு என்றால் ரயில் நிலையத்தில் ஒலிபெருக்கியில் சொல்வது. "விவரிப்பு முறை" என்பதே சரி.

ஈரமண் · 10:49
விவரிப்பு என்றால் கதாகாலட்சேபம் அல்லவா? கணினி இப்படி இருக்கிறது என்று நாம் விவரிக்கவில்லை, இப்படி இருக்க வேண்டும் என்கிறோம். "விதிப்பு முறை" எனலாம்.

பழையசோறு · 10:53
விதிப்பு என்றால் வரி விதிப்பு. சொல்லாக்கம் என்பது தோன்றியதை எழுதுவதில்லை.

வடக்குவாசல் · 10:55
நான் கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை என்பதைக் குறித்துக்கொள்கிறேன்.

குறுமணல் · 11:30
ஆலைக்காரன், என்ன ஆயிற்று?

ஆலைக்காரன் · 11:48
வந்துவிட்டது! 18,642 தெரிகிறது. அடுத்தது 18,643 என்று அச்சானது. மிக்க நன்றி ஐயா. வண்டிகள் நிற்கின்றன, பிறகு விரிவாக எழுதுகிறேன்.

குறுமணல் · 11:54
மகிழ்ச்சி. காலையில் கொடுத்த சீட்டுகளை மறந்துவிடாதீர்கள். நகல் எடுத்தீர்களா? எடுக்காவிட்டாலும் 16 அடைவில் இருக்கின்றன, அதை அழிக்காமல் வையுங்கள். அந்த எண்கள் பழைய 1, 2, 3 உடன் மோதும், ஆகவே அப்படியே இறக்காமல் புது எண் கொடுத்துப் பதிய வேண்டியிருக்கும். விவசாயிகள் கையில் இருப்பதோ பழைய எண்.

இன்னொன்று: "சர்வீசஸ்.போஸ்ட்கிரெஸ்க்யூஎல்பேக்கப்" என்று ஒன்று இருக்கிறது. எனேபிள் செய்தால் தினமும் அதிகாலை 1:15க்கு /வார்/பேக்கப்/போஸ்ட்கிரெஸ்க்யூஎல் அடைவில் நகல் எடுத்துவைக்கும். அதே வட்டில்தான் இருக்கும், வெளியே ஒரு பிரதி எடுத்துப்போவது உங்கள் பொறுப்பு.

குறுமணல் · மறுநாள், காலை 8:05
அந்தக் காலைச் சீட்டுகள்?

ஈரமண் · மறுநாள், இரவு 9:40
"பணிப்பு முறை" எப்படி இருக்கிறது?

புதுவரவு · மூன்று வாரம் கழித்து
எனக்கும் இதே சிக்கல். ஆனால் மரியாடிபி, உபுண்டு. யாராவது உதவ முடியுமா? அவசரம்.

பழையசோறு
அப்படியானால் இதே சிக்கல் இல்லை. புது இழை தொடங்கவும். பதிப்பு எண்ணோடு.