கசப்பா, துவர்ப்பா? தேநீரோடு என் 20 வருடம்

எனக்குத் தேநீர் என்றால் உயிர் என்று 20 வருடமாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். யோசித்துப் பார்த்தால், எனக்குப் பிடித்திருந்தது சூடான, இனிப்பான பால். டீத்தூள் அதற்குச் சாயம் ஏற்றியது, அவ்வளவே.

மருத்துவர் சர்க்கரையைக் குறைக்கச் சொன்னபோதுதான் குட்டு வெளிப்பட்டது. மூன்று கரண்டி ஒன்றரையானது, ஒன்றரை அரையானது. சர்க்கரை இறங்க இறங்க, அடியில் ஒளிந்திருந்தது மேலே வந்தது. ஒரே கசப்பு. இதையா இத்தனை நாள் சப்புக்கொட்டிக் குடித்தோம் என்று இருந்தது.

நான் டீ போட்ட லட்சணமும் அப்படித்தான். தூளைத் தண்ணீரில் கொட்டி அடுப்பில் ஏற்றிவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விடுவேன். திரும்பி வரும்போது கஷாயம் தயாராக இருக்கும். பாலை ஊற்றினால் எப்படியோ சரியாகிவிடும். அந்த ‘எப்படியோ’வுக்குக் காரணம் பாலில் உள்ள கேசீன் என்ற புரதம். தேயிலையின் துவர்ப்புப் பொருள்களை அது பிடித்து வைத்துக்கொள்கிறது, வாயைப் பிடிக்க விடுவதில்லை. என் பிழைகளையெல்லாம் 20 வருடம் பால்தான் மூடி மறைத்திருக்கிறது.

அடுத்து, எல்லோரையும் போல நானும் கிரீன் டீக்குப் போனேன். டப்பா வாங்கி, தளதளவென்று கொதிக்கும் தண்ணீரை ஊற்றி, சத்து முழுக்க இறங்கட்டும் என்று பத்து நிமிடம் மூடி வைத்தேன். ஒரு வாய் குடித்ததும் முகம் கோணிக்கொண்டது. ஒரு வாரம் மருந்து போலக் குடித்தேன். எட்டாம் நாள் டப்பா அலமாரியின் பின்வரிசைக்குப் போய்விட்டது.

அதை முன்னால் கொண்டுவந்தவர் என்னோடு வேலை பார்த்த ஓர் அக்கா. பேச்சுவாக்கில் புலம்பினேன். “எப்படிப் போடுற?” என்றார். சொன்னேன். “இலையை வேகவச்சுக் குடிச்சிருக்கே. நாளைக்கு அந்த டப்பாவைக் கொண்டா” என்றார்.

மறுநாள் ஒரு ஃபிளாஸ்க்கும் இரண்டு வெறும் கிண்ணமும் கொண்டுவந்திருந்தார். கொதிநீரை ஒரு கிண்ணத்தில் ஊற்றினார். அதிலிருந்து அடுத்ததற்கு. மறுபடி முதல் கிண்ணத்துக்கே. ஒவ்வொரு முறை மாற்றும்போதும் சுமார் 10 டிகிரி இறங்கிவிடும், வெப்பமானியெல்லாம் வேண்டாம் என்றார். 70, 75 டிகிரிக்கு வந்த தண்ணீரை இலைமேல் ஊற்றினார். ஒரு நிமிடம். வடித்துக் கையில் கொடுத்துவிட்டார்.

இளமஞ்சள் நிறம். முதல் மடக்கில் பச்சைப் பட்டாணியை வேகவைத்த தண்ணீர் போலத்தான் இருந்தது. விழுங்கிய பிறகு தொண்டையில் ஓர் இனிப்பு மெல்ல ஏறி வந்தது. அதே டப்பா, அதே இலை. “கசப்பே இல்லையேக்கா” என்றேன்.

“நீ கசப்பு கசப்புன்னு சொன்னதுல பாதி துவர்ப்பு. ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்கிறே.”

அறுசுவையை மனப்பாடமாக ஒப்பித்து வளர்ந்தவன் நான். ஆனால் துவர்ப்பை அடையாளம் காண எனக்கு நாற்பது வயது ஆகவேண்டியிருந்தது. பழுக்காத வாழைக்காயைக் கடித்தால் கன்னத்தின் உட்புறம், ஈறு எல்லாம் இழுத்துப் பிடிக்குமே, அது துவர்ப்பு. தேயிலையில் உள்ள கேட்டகின்கள் எச்சிலின் புரதங்களோடு ஒட்டிக்கொள்ள, வாயின் வழவழப்பு போய் உலர்ந்தாற்போல் ஆகிறது. கசப்பு நாக்கோடு நிற்பது, காஃபீனுக்கும் அதில் பங்கு உண்டு. தண்ணீர் எவ்வளவு சூடோ, எவ்வளவு நேரமோ, அவ்வளவுக்கு இவை இரண்டும் இறங்கும். குழைவான சுவைக்குக் காரணமான தியானின் என்ற அமினோ அமிலமோ சூடு குறைந்த தண்ணீரிலேயே நன்றாக இறங்கிவிடும். நான் ஊற்றிய கொதிநீரில் அதுவும் இறங்கித்தான் இருக்கும், மற்ற இரண்டின் கூச்சலில் யார் கேட்டார்கள்?

அந்த ஒரு கிண்ணத்துக்குப் பிறகு எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. ஜப்பானின் கியோகுரோ என்ற கிரீன் டீ ரகத்தை, பறிப்பதற்கு முன் சுமார் மூன்று வாரம் நிழல் கட்டி வளர்க்கிறார்கள். வெயில் பட்டால் இலையில் உள்ள தியானின் கேட்டகினாக மாறும், நிழலில் அப்படியே தங்கும். அதைப் போட 50, 60 டிகிரி போதும். முதல் தடவை குடித்தபோது தேநீரா காய்கறி சூப்பா என்று சந்தேகம் வந்தது. டார்ஜிலிங் முதல் பறிப்பு பூவாசம். இரண்டாம் பறிப்பில் திராட்சை மணம் வருகிறது, தத்துப்பூச்சி கடித்த இலைகளுக்கு அதில் பெரிய பங்கு உண்டு. பூச்சி கடித்தால் காசு குறையும் என்று நினைப்போம், இங்கே கூடுகிறது. லாப்சாங் சூச்சோங், சீனாவின் வூயி மலைப்பக்கத்தில் பைன் விறகுப் புகையில் உலர்த்தப்படுவது. பொட்டலத்தைப் பிரித்ததும் வீட்டில் ஏதோ தீய்கிறது என்று மூன்று பேர் ஓடி வந்தார்கள். யுன்னானின் கறுத்த பூஎர், ஈரமண் வாசனை. மழைக்காலத்தில் பழைய மரப்பெட்டியைத் திறந்தாற்போல் இருக்கும். பிடிக்க மாதக்கணக்கானது, பிடித்தபின் விடமுடியவில்லை.

பெர்கமட் என்ற எலுமிச்சை இனப் பழத்தின் எண்ணெய் மணம் ஏற்றிய ஏர்ல் கிரே மட்டும் எனக்கு ஒத்துவரவே இல்லை. சோப்புத் தண்ணீர் குடித்தாற்போல் இருக்கிறது. ரசிப்பவர்கள் மன்னிக்கவும்.

உங்களுக்கு எந்தக் கிண்ணத்தில் திருப்பம் நேர்ந்தது? எழுதுங்கள்.

*

என் கதை கலங்கல் கதை. விருந்தாளிகளுக்காக முதல் நாள் இரவே பால் சேர்க்காத டீ கெட்டியாகப் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தேன். காலையில் பார்த்தால் சேற்றுத் தண்ணீர். கெட்டுப்போய்விட்டது என்று கொட்டினேன். இன்னொரு நாளும் அதேபோல் ஆகி, அதையும் கொட்டினேன்.

பிறகுதான் விஷயம் தெரிந்தது. கறுப்புத் தேயிலையின் தியாஃபிளேவின்களும் காஃபீனும் குளிரில் ஒன்றோடொன்று பிணைந்து அப்படித் திரள்கின்றன. கொஞ்சம் கொதிநீர் ஊற்றினால் கண்ணெதிரே தெளிந்துவிடும். டீ எவ்வளவு திடமோ அவ்வளவு கலங்கும். நான் கொட்டியது நல்ல டீயை! இப்போது சூடே காட்டுவதில்லை. குளிர்ந்த தண்ணீரில் இலையைப் போட்டு எட்டு மணி நேரம் ஃபிரிட்ஜில் விட்டுவிடுகிறேன். தெளிவாக இருக்கிறது, அக்கா சொன்ன துவர்ப்பும் அடங்கிவிடுகிறது.

கறுப்பு டீயில் எலுமிச்சை பிழிந்து பார்த்திருக்கிறீர்களா? புளிப்பு ஏறியதும் நிறம் சட்டென்று வெளுக்கும். என் பையனுக்கு நான் பெரிய மந்திரவாதி.

*

கொஞ்சம் சண்டை போடத்தான் வந்தேன். பாலைக் குற்றத்துக்கு உடந்தை மாதிரி எழுதிவிட்டீர்களே!

நீங்கள் கொதிக்க வைத்தது சி.டி.சி. தூளாகத்தான் இருக்கும். நசுக்கி, கிழித்து, சுருட்டும் அந்த எந்திரம் 1930-களில் அஸ்ஸாமில் வந்தது. இலை சின்னச் சின்ன உருண்டையாகிவிடுவதால் சாயமும் திடமும் இரண்டு மூன்று நிமிடத்தில் இறங்கிவிடும். பாலைத் தாங்கி நிற்கும் டீ அது. டார்ஜிலிங் முதல் பறிப்பில் பால் ஊற்றுவது எவ்வளவு பாவமோ, சி.டி.சி.யை வெறுந்தண்ணீரில் வேகவைத்துக் குடித்துவிட்டு முகம் சுளிப்பதும் அவ்வளவு பாவம். கிண்ணம் மாற்றி மாற்றி ஊற்ற எனக்குப் பொறுமை கிடையாது. அதிகாலையில் கண்ணைத் திறக்கவைப்பது பால் டீதான்.

*

சண்டையை ஒப்புக்கொள்கிறேன். காலை முதல் டீ எனக்கு இன்றும் பாலோடுதான். ஒரே வித்தியாசம், இப்போது அடுப்பை விட்டு நகர்வதில்லை.

உங்கள் கட்சிக்கு நானே ஒரு சாட்சி தருகிறேன். தேயிலையைச் சுவைத்து ஒப்பிடுவதற்கென்று 1980-இல் வந்த ஐ.எஸ்.ஓ. 3103 என்ற சர்வதேசத் தரநிலையில், 100 மில்லி தண்ணீருக்கு 2 கிராம் இலை, 6 நிமிடம் என்று இருக்கிறது. பால் சேர்த்துச் சுவைக்கவும் அதில் வழி உண்டு. 6 நிமிடம் என்பது ஒரு தேயிலையை இன்னொன்றோடு ஒப்பிட்டுப் பார்க்க, வீட்டில் அதைப் பின்பற்றிவிட்டு என்னைத் திட்டாதீர்கள்.

*

அண்ணா, நீங்கள் சோப்பு என்றதும் சிரித்துவிட்டேன். எனக்கு நிஜமாகவே சோப்பு டீ வாய்த்தது. உறவினர் ஒருவர் அன்பாகக் கொடுத்த நல்ல ஊலாங் தேயிலை. பத்திரமாக இருக்கட்டும் என்று புதுத் துணி, சோப்புக் கட்டிகள் வைக்கும் அலமாரியில் வைத்தேன். பிரித்த பொட்டலம், வாயை ரப்பர் பேண்டால் கட்டியிருந்தேன், அவ்வளவுதான். ஒரு மாதம் கழித்துப் போட்டால் குளியலறை மணம்! உலர்ந்த தேயிலை அக்கம்பக்கத்து வாசனையை எல்லாம் உறிஞ்சிக்கொள்ளும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

இதே குணத்தை வைத்துத்தான் மல்லிகைத் தேநீர் செய்கிறார்கள் என்று பிறகு படித்தேன். இரவில் மலரும் மொட்டுகளைத் தேயிலையோடு கலந்து வைத்து, காலையில் பூவைப் பிரித்து எடுத்துவிட்டு, அடுத்த இரவு புதுப் பூ. உயர்ந்த ரகத்துக்கு இப்படிப் பல இரவுகள். அவர்கள் மல்லிகையோடு வைத்தார்கள், நான் சோப்போடு வைத்தேன்.

*

ருசியைப் பற்றி எனக்குப் பெரிதாகச் சொல்லத் தெரியாது. சாப்பிட்டு முடித்த கையோடு திடமான டீ குடிக்கும் பழக்கம் இருந்தது. இரத்தசோகை என்று தெரிந்தபோது மருத்துவர் முதலில் கேட்டதே அதைத்தான். துவர்ப்புப் பொருள்கள் உணவின் இரும்புச்சத்தைப் பிடித்துக்கொண்டு உடலில் சேரவிடாதாம். இப்போது ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுகிறேன். காத்திருந்து குடிப்பதால் ருசி கூடியதா, தெரியவில்லை. குறையவில்லை.

*

சோப்புக் கதை எழுதிய தங்கைக்கு: படித்து முடித்ததும் எழுந்துபோய்ப் பார்த்தேன். என் ஏர்ல் கிரே டப்பா, மூடி சரியாகப் பொருந்தாமல், துணி துவைக்கும் தூளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. எத்தனை மாதமாக என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.

புது டப்பா வாங்கித் தனியாக வைத்துக் குடித்துப் பார்த்துவிட்டு வருகிறேன். அதுவரை ஏர்ல் கிரே பற்றி நான் சொன்னதை நிறுத்திவையுங்கள்.