மாதவிலக்கோடு வரும் ஒற்றைத் தலைவலி: சித்த மருந்தில் குறைந்தவர்கள் உண்டா?

வணக்கமுங்க. வயது 36, ஊர் திருப்பூர், பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. மூன்று வருடமாக, மாதவிலக்குக்கு இரண்டு நாள் முன்னாடி ஆரம்பித்து, வந்த மூன்றாம் நாள் வரை இடது பொட்டில் விண்விண்ணென்று தெறிக்கிறது. வாந்தி வேறு. ட்யூப்லைட் வெளிச்சமே ஆகாது. என் வேலையோ அதன் கீழேதான். மற்ற நாட்களில் ஒன்றும் இல்லை. ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் சட்டென்று இறங்குவதால் வருவது என்றார் நரம்பு டாக்டர். ஸ்கேனில் கோளாறு இல்லை.

நாப்ராக்சென் என்ற வலி மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கிவிட்டது. ஒற்றைத் தலைவலிக்கென்றே உள்ள சுமாட்ரிப்டான் மாத்திரை கேட்கிறது, ஆனால் மறுநாள் வலி திரும்பி வருகிறது. அதைப் போடுவது மாதம் 10 நாளைத் தொட்டால் மாத்திரையாலேயே தலைவலி வரும் என்று டாக்டர் எச்சரித்திருக்கிறார்.

அப்புறம் கை வைத்தியம். அமுச்சி (அம்மாவின் அம்மா) சொன்ன சுக்குப் பற்று, நொச்சி ஆவி எல்லாம் பார்த்தாயிற்று. நீர்க்கோவை மாத்திரையை உரைத்து நெற்றியில் போட்டேன். நீர் கோத்த தலைவலிக்கு அது நல்ல மருந்துதான், எனக்கு அரை மணி நேர ஆறுதல், அவ்வளவே. சுக்குக் காப்பி மட்டும் குமட்டலைக் கொஞ்சம் அடக்குகிறது. ஃபீவர்ஃப்யூ என்ற மூலிகை மாத்திரையை ஆன்லைனில் பார்த்தேன். ரத்தம் உறைவதைக் குறைக்கலாம் என்கிறார்கள். எனக்கு ஏற்கெனவே மாதவிலக்கில் ரத்தப்போக்கு அதிகம், அதனால் வாங்கவில்லை.

சித்த மருத்துவரிடம் காட்டி, உள்ளுக்கு மருந்து சாப்பிட்டு, இந்த மாதவிலக்குத் தலைவலி குறைந்தவர்கள் இருந்தால், என்ன மருந்து, எத்தனை மாதம் சாப்பிட்டீர்கள் என்று சொல்ல முடியுமாங்க?